தில்லியிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்பது பள்ளியில் நாமெல்லோரும் படித்த பாடம். அதை நம்பி நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், நண்பர்களே.

நாகர்கோவிலில் என் தந்தையாருக்குக் காலை எட்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. அதற்குமுன் அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று முதல்நாள் விமானமேறினேன். தில்லி–சென்னை வான்வழி சுமார் 1,760 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 830. ஆக, 2 மணி 7 நிமிடம். பகல் 1-30க்குக் கிளம்பினால் 3-37க்குச் சென்னை. 5-15க்கு எழும்பூரில் நாகர்கோவில் வண்டி. சீட்டில் 4-15 என்று அச்சிட்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனல்லவா!

சீட்டுதான் சரி. அதில் காண்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. நிற்குமிடம் விட்டு நகர்ந்தது முதல் மீண்டும் நிற்குமிடம் சேரும் வரையுள்ள காலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவே கால்மணி ஆகலாம். மேலேறும்போது முழுவேகம் இராது. இறங்குவதற்கோ, சென்னைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. என் கணக்கில் விட்டுப்போன 38 நிமிடம் இவற்றில்தான் இருந்தது.

தூரத்தை நாமே கணிக்கலாம். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தில்லி 28.6, சென்னை 13, வித்தியாசம் 15.6 பாகை, அதாவது 1,730 கிலோமீட்டர். சென்னை சற்றே கிழக்கே தள்ளியிருப்பதால் இன்னும் முப்பது கூடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் செல்லும் இருப்புப்பாதையோ சுமார் 2,180 கிலோமீட்டர்.

காற்றையும் மறக்கக்கூடாது. குளிர்காலத்தில் வடஇந்தியாவின் மேல்வானில் மேற்கிலிருந்து கடுங்காற்று வீசும். தில்லி–கௌகாத்தி 1,460 கிலோமீட்டர். காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொண்டால், போகும்போது வேகம் 930; திரும்பும்போது 730. தூரம் ஒன்றே, காலத்தில் 26 நிமிட வேற்றுமை! வடக்கு தெற்காகச் செல்லும் நம் வழியில் இது அவ்வளவாகத் தெரியாது.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது 4-45. மாலை நெரிசலில் எழும்பூர் சேருமுன் வண்டி போய்விட்டது. பேருந்தில் நாகர்கோவில் சேர்ந்தபோது காலை ஒன்பது. தந்தையார் உள்ளே இருந்தார். (இன்று நலமாயிருக்கிறார், என் கணக்கைச் சொல்லிச் சிரிக்கிறார்.)

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் வண்டி, விமான நிலையத்துக்கு எதிரேயுள்ள திரிசூலத்தைக் கடந்து, அடுத்த சில நிமிடங்களில் தாம்பரத்தில் நின்று போகிறது. திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போயிருந்தால் நிதானமாகவே பிடித்திருப்பேன். நான் வடக்கே விரைந்துகொண்டிருந்தபோது என் வண்டி தெற்கே வந்துகொண்டிருந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் தாம்பரத்தில் ஏறுவதாகவே சீட்டு எடுங்கள்.