டிஸ்குக்குப் பெயர் வைக்கப் பழகுங்கள்

சர்வர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு காலி டிஸ்கைக் கொடுத்து, ஃபார்மேட் செய்து பெயர் வைக்கச் சொல்வது என் வழக்கம். முக்கால்வாசிப் பேர் வால்யூம் லேபிள் என்ற கட்டத்தை அப்படியே தாண்டிவிடுவார்கள். காலியாக விட்டாலும் டிஸ்க் ஓடும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் டிஸ்க் மாறிப்போய் டேட்டா அழிந்தது என்று என்னிடம் வந்தவர்களின் டிஸ்குகளில் பெரும்பாலானவை பெயர் இல்லாதவை. ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

1. டிரைவ் எழுத்தைப் பெயர் என்று நினைக்காதீர்கள். டி, இ, எஃப் எல்லாம் அந்தக் கணினி அந்த நேரத்துக்குக் கொடுக்கும் இருக்கைகள். ஏ, பி இரண்டையும் ஃபிளாப்பி எடுத்துக்கொண்டதால் ஹார்ட் டிஸ்குக்கு சி வந்தது. ஃபிளாப்பி போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கிறது. லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருவதும் கெர்னல் டிஸ்கைக் கண்டுகொண்ட வரிசைதான். அடுத்த முறை பூட் ஆகும்போது வரிசை மாறலாம்.

ஓர் அலுவலகத்தில் இரவு பேக்கப் இ டிரைவுக்குப் போகும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் வெளி டிஸ்கைக் கழற்றியிருந்த நேரத்தில் யாரோ பென் டிரைவைச் செருக, அது இ ஆகிவிட்டது. பிறகு மாட்டிய பேக்கப் டிஸ்க் எஃப் ஆனது. ஸ்கிரிப்ட் சொன்னபடி இ-யில் எழுதியது, இடம் போதாமல் நின்றது. யாரும் லாக் பார்க்கவில்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே லேபிளைச் சரிபார்த்து, பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்தும்படி எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பேக்கப் ஸ்கிரிப்டிலும் அந்த வரி இருக்கட்டும்.

2. பெயர் டிஸ்கில் எங்கே எழுதப்படுகிறது என்று ஒரு முறையாவது ஹெக்ஸ் எடிட்டரில் உங்கள் கண்ணால் பாருங்கள். ஃபேட்32 பென் டிரைவில் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும்: பூட் செக்டரில் ஒரு பிரதி, ரூட் டைரக்டரியில் ஒரு பதிவு. விண்டோஸ் ரூட் டைரக்டரியில் இருப்பதைத்தான் மதிக்கும். சில பழைய கருவிகள் பூட் செக்டரை மட்டும் மாற்றும். அப்போது ஒரே பென் டிரைவ் ஒரு கணினியில் ஒரு பெயரிலும் இன்னொன்றில் வேறு பெயரிலும் தெரியும். பெயர் வைக்காத டிஸ்கின் பூட் செக்டரில் 'நோ நேம்' என்றே எழுதியிருக்கும்.

ரூட் டைரக்டரியில் அந்தப் பதிவு ஒரு கோப்பின் பதிவு போலவே 32 பைட் எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயருக்கு 8 பைட், எக்ஸ்டென்ஷனுக்கு 3 பைட். லேபிளும் அந்த இடத்திலேயே உட்காருவதால்தான் அதற்கு 11 என்ற எல்லை. இது கோப்பு அல்ல, லேபிள் என்று காட்ட ஒரு பிட் உண்டு. அந்த பிட்டுக்குப் பின்னால் வந்த உபயோகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். விண்டோஸ் 95 நீளமான கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்தபோது, பழைய டாஸ் அவற்றைப் பார்த்துக் குழம்பக் கூடாது. அதற்காக ரீட்-ஒன்லி, ஹிடன், சிஸ்டம், லேபிள் ஆகிய நான்கு குறிகளையும் சேர்த்துப் போட்டார்கள். இயல்பாக வராத சேர்க்கை என்பதால் பழைய புரோகிராம்கள் பெரும்பாலும் அதைத் தொடாமல் போயின. இன்று உங்கள் ஃபேட்32 பென் டிரைவில் உள்ள ஒவ்வொரு நீளப் பெயரும் அந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது.

3. தமிழில் பெயர் வைக்கலாம், அளவு தெரிந்து வையுங்கள். இதில் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒவ்வொரு கணக்கு.

ஃபேட்32-இல் தமிழுக்கு வழியில்லை. பழைய கோட் பேஜ் எழுத்துகள் மட்டுமே, அதுவும் விண்டோஸில் பெரிய எழுத்தாக மாறிவிடும். எக்ஸ்ஃபேட் யூனிகோடு ஏற்கும். 64 ஜிபி முதல் வரும் மெமரி கார்டுகளில் இருப்பது அதுதான். அங்கேயும் எல்லை 11, ஆனால் அது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கில் வராது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'புகைப்படம்' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி, உள்ளே போய்விடும். 'புகைப்படங்கள்' எட்டு எழுத்து, பதின்மூன்று குறி, போகாது. என்டிஎஃப்எஸ் 32 குறி வரை இடம் தருகிறது, கவலையில்லை.

லினக்ஸில்தான் இடுக்கம். எக்ஸ்ட்4 சூப்பர்பிளாக்கில் லேபிளுக்கு 16 பைட் ஒதுக்கியிருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். 'தமிழ்' என்றால் ஐந்து குறி, 15 பைட், அடங்கும். அதற்கு மேல் ஒரு குறி சேர்ந்தாலும் லேபிள் கட்டளை எச்சரித்துவிட்டு 16 பைட்டோடு வெட்டிவிடும். 16 மூன்றால் வகுபடாதே! ஆறாவது குறியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பெயருக்குப் பின்னால் குப்பை தெரியும். எக்ஸ்எஃப்எஸ் இன்னும் குறைவு, 12 பைட். 'படம்' சரியாக அதில் முடிந்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் 255 பைட் தருகிறது.

என் தீர்ப்பு இது: சர்வர் டிஸ்குக்குச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். வீட்டு டிஸ்குக்கும் அம்மா அப்பா தொடும் டிஸ்குக்கும் தமிழில் வையுங்கள். படிப்பவருக்குப் புரியத்தானே பெயர்?

4. 'பேக்கப்', 'டேட்டா', 'நியூ வால்யூம்' வேண்டாம். யாருடையது, எதற்கு, எத்தனையாவது என்ற மூன்றும் பெயரில் தெரிய வேண்டும்.

5. ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் வைக்காதீர்கள். கேனான் ஈஓஎஸ் கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டுகளுக்கெல்லாம் 'ஈஓஎஸ் டிஜிட்டல்' என்றே பெயர் விழும். இரண்டை ஒரே நேரத்தில் மேக்கில் மாட்டினால், இரண்டாவதன் பாதையில் பெயருக்குப் பின்னால் 1 என்று ஒட்டிவிடும். எது எந்தக் கார்டு என்பது மாட்டிய வரிசையைப் பொறுத்தது.

பெயர் மனிதருக்கு, இயந்திரத்துக்கு யூயூஐடி என்ற 128 பிட் எண் இருக்கிறது. ஆனால் ஃபேட் டிஸ்குக்கு இருப்பது 32 பிட் சீரியல் மட்டும், அதுவும் ஃபார்மேட் செய்த தேதியையும் நேரத்தையும் வைத்து உண்டாக்குவது. டிஸ்கை அப்படியே குளோன் எடுத்தால் பெயரோடு எண்ணும் நகலாகும். எக்ஸ்எஃப்எஸ் அதைக் கண்டுபிடித்து இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுக்கும். மற்றவை மறுக்கும் என்று நம்பாதீர்கள். குளோன் முடிந்த கையோடு நகலின் பெயரையும் எண்ணையும் மாற்றுங்கள்.

6. விண்டோஸில் ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்யும்போது கட்டளை வரியைப் பயன்படுத்துங்கள். அது இப்போதைய லேபிளைத் தட்டச்சு செய்யச் சொல்லும். தப்பாக அடித்தால் நின்றுவிடும். மவுஸில் செய்யும் ஃபார்மேட் இதைக் கேட்காது. பெயரில்லாத டிஸ்கில் அந்தக் கேள்விக்கு எண்டர் தட்டினாலே போதும், பிறகு மிச்சம் ஒரே ஒரு ஒய் எழுத்துதான். அந்தக் கட்டத்தை நிரப்புங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

7. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கின் பெயரை மாற்றும் முன் யார் அந்தப் பெயரை நம்பியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் லேபிள் போட்டு மவுண்ட் செய்திருந்தால், அடுத்த பூட்டில் சிஸ்டம்டி அந்தப் பெயருக்காக 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அவசியமில்லாத டிஸ்குக்கு 'நோஃபெயில்' சேர்த்து வையுங்கள். ஃபெடோரா லைவ் பென் டிரைவ் தன் ரூட்டை லேபிளை வைத்தே தேடுகிறது; அழகாக இருக்கட்டும் என்று மாற்றினால் பூட் ஆகாது.

8. வைத்த பெயரையே ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் மேல் ஒட்டுங்கள், கேஸின் மேல் அல்ல. கேஸ் மாறும். கூடவே யூயூஐடியின் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதுங்கள். டிஸ்க் படிக்காமல் போய் ரிக்கவரிக்குக் கொடுக்கும்போது லேபிள் திரையில் வராது, எந்த டிஸ்க் என்று சொல்ல அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் இருக்கும்.