மைனஸ் 150-இலிருந்து ஆரம்பி

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரியில் கழித்துக்கட்டிய சாமான்களில் உனக்குக் கிடைத்திருப்பது டெக்ட்ரானிக்ஸ் 545ஏ ஆசிலோஸ்கோப், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. நல்ல பெட்டிதான். "உள்ளே இருக்கிற எல்லாக் கண்டென்சரையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1946-இல் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் முதலானோர் தொடங்கிய நிறுவனம் டெக்ட்ரானிக்ஸ். அதுவரை பெரும்பாலான ஸ்கோப்புகளில் திரையில் அலை ஓடிக்கொண்டே இருக்கும். குமிழைத் திருகித் திருகி அதை நிறுத்தவேண்டும். 1947-இல் இவர்கள் கொண்டுவந்த 511 என்ற ஸ்கோப், சிக்னல் வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் கோட்டைத் தொடங்கியது. கிடைக்கோட்டுக்கு நேர அளவும் இருந்ததால், கட்டங்களை எண்ணியே ஒரு துடிப்பு எத்தனை மைக்ரோசெகண்ட் என்று சொல்ல முடிந்தது. உன்னுடைய 545ஏ அந்த வழியில் 1950களின் கடைசியில் வந்தது. 30 மெகாஹெர்ட்ஸ், எடை ஏறக்குறைய 30 கிலோ, மின்சாரம் அரை கிலோவாட்டுக்குப் பக்கம் இழுக்கும். உன் அறையில் மின்விசிறி இருக்கிறதல்லவா?

இதைக் கட்டியவர்கள் இது பழுதாகும், யாரோ ஒருவர் திறப்பார் என்று எதிர்பார்த்தே கட்டினார்கள். கையேட்டில் முழுச் சர்க்யூட் படமும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட், என்ன அலைவடிவம் என்பதும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் அதில் மின்சப்ளை பற்றிய பகுதியை இரண்டு தரம் படி. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறவனுக்கு எது பழுது என்று கடைசிவரை தெரியாது. அவன் புதிதாக உண்டாக்கிய பழுது வேறு சேர்ந்துகொள்ளும்.

முதலில் உயிர். திரைக்குழாய்க்கு மொத்தம் 10 ஆயிரம் வோல்ட் போகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பயம் கீழே இருக்கும் 350, 500 வோல்ட் லைன்கள்மீதுதான். அவற்றுக்குப் பின்னால் பெரிய கண்டென்சர்கள் நிற்கின்றன, கரண்ட் தாராளமாக வரும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கண்டென்சர்களை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கையை வை. மின்சாரம் ஓடும்போது அளந்தால் இடது கை பையில் இருக்கட்டும். மோதிரம், வளையல் வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்யாதே.

மின்சாரம் கொடுக்கும் முன் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு 117 வோல்ட்டுக்கா, 234-க்கா என்று பார். மூன்றாவது முள்ளில் எர்த் சரியாக வருகிறதா என்று பார். பின்பக்கத்துக் காற்று ஃபில்டரைக் கழுவிக் காயவை. விசிறி சுழலாவிட்டால் மேலே போகாதே. இவ்வளவும் ஒரு மாலை நேர வேலை.

இனி வரிசை. இந்தப் பெட்டியில் ஐந்து ரெகுலேட்டட் சப்ளைகள்: மைனஸ் 150, பிளஸ் 100, 225, 350, 500. இவற்றில் மைனஸ் 150 மட்டும் 5651 என்ற சின்ன வாயு வால்வைப் பார்த்துத் தன் அளவை நிறுத்திக்கொள்கிறது. மற்ற நான்கும் மைனஸ் 150-ஐப் பார்த்து நிற்கின்றன. தலைமகன் தடுமாறினால் தம்பிகள் எல்லாரும் தடுமாறுவார்கள். அதனால் 225 குறைவாக இருக்கிறதே என்று அதன் வால்வுகளைப் பிடுங்காதே. மைனஸ் 150-க்குப் போ. அதைத் திருத்த ஒரு குமிழ் உண்டு. 147-க்கும் 153-க்கும் நடுவே இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது நகர்ந்தால் ஸ்கோப்பின் அளவீடுகள் அத்தனையும் நகரும்.

வோல்ட் சரியாக இருந்தால் போதாது, ரிப்பிளையும், அதாவது டிசியில் மிஞ்சி நிற்கும் அலையையும் பார். வேறொரு ஸ்கோப்பை இரவல் வாங்கு. ரெகுலேட்டருக்குப் பிறகு சில மில்லிவோல்ட்தான் இருக்கவேண்டும். 100 ஹெர்ட்ஸில் அதிகமாகத் தெரிந்தால் உடனே எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரைக் குற்றம் சொல்லிவிடுவார்கள். வலுவிழந்த 6080 வால்வும் அதே வேலையைச் செய்யும். வீட்டு மின்சாரம் 200 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், அதே ரிப்பிள் தெரியும். மூன்றில் எது என்று அளந்தால்தான் தெரியும். நீண்டகாலம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கை வெளியே ஒரு சப்ளையில், ரெசிஸ்டர் வழியாக, மெதுவாக வோல்ட் ஏற்றித் தேற்றலாம், பல தேறிவிடும். பெட்டியையே வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில்) வைத்து ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. குறைந்த வோல்ட்டில் டைம் டிலே ரிலே சேராது, ரெகுலேட்டரும் வேலை செய்யாது.

நான் தயங்காமல் மாற்றச் சொல்வது ஒன்று உண்டு. கறுப்பு உடம்பில் வண்ண வளையம் போட்ட ஸ்ப்ரேக் பேப்பர் கண்டென்சர்கள். பம்பிள்பீ என்பார்கள். காலப்போக்கில் இவை டிசியைக் கசியவிடும். அடுத்த வால்வின் கிரிட்டில் பிளஸ் ஏறி அது சூடாகும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காலைக் கழற்றி, வழக்கமான வோல்ட்டைக் கொடுத்து, அந்த இடைவெளியில் மீட்டரை வோல்ட் அளவில் தொடராக வை. 10 மெகஓம் மீட்டர் 10 வோல்ட் காட்டினால் 1 மைக்ரோஆம்பியர் கசிகிறது என்று கணக்கு.

மாற்றும்போது சாதாரண ஈயத்தைத் தொடாதே. பாகங்கள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பீங்கான் பட்டைகளைப் பார்த்திருப்பாய். அதன் பள்ளங்களில் வெள்ளி உருக்கிப் பிடிக்கவைத்திருக்கிறார்கள். சாதாரண ஈயம் அந்த வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். பிறகு அந்தப் பள்ளத்தில் எதுவும் ஒட்டாது. 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். உள்ளேயே எங்காவது ஒரு சின்னச் சுருள் மாட்டியிருக்கிறதா என்று தேடிப்பார். பிற்காலத்தில் பழுதுபார்ப்பவருக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பினார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த நிறுவனத்தைப் பிடிக்கும்.

வால்வுகளை டெஸ்டரில் போட்டுப் பார்த்துக் கழிக்காதே. டெஸ்டர் மோசம் என்று சொன்ன வால்வு இந்தச் சர்க்யூட்டில் நன்றாகவே ஓடும், தலைகீழாகவும் நடக்கும். கழற்றினால் எங்கிருந்து கழற்றினாயோ அங்கேயே திரும்ப வை. ஸ்கோப்பில் செருகும் ப்ளக்-இன் பெட்டியில் பல வால்வுகளின் ஹீட்டர் தொடராக இருப்பதால், ஒன்று எரிந்துபோனால் எல்லாம் அணையும்.

உன் பெட்டிக்கு வரக்கூடிய பெரிய நோய் உயர் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்கோப் நன்றாக ஆரம்பிக்கும். அரைமணி போனதும் படம் ஊதிப் பெரிதாகும், மங்கும், கடைசியில் மறையும். எலக்ட்ரான்களை முடுக்கும் வோல்ட் இறங்குவதால் அவை மெதுவாகப் போகின்றன. அதனால் அதே சிக்னல் அவற்றை அதிகமாக வளைக்கிறது. அதுதான் ஊதல். டிரான்ஸ்ஃபார்மரின் காப்புப் பொருள் காலத்தில் கெட்டு, மின்சக்தியைத் தின்று சூடாகிறது. வோல்ட் இறங்காமல் பிடித்துவைக்க, அதை ஓட்டும் ஆசிலேட்டர் இன்னும் தள்ளுகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. சிலர் 5642 ரெக்டிஃபையர் வால்வுகளை எடுத்துவிட்டு உயர் வோல்ட் சிலிக்கான் டையோடு போட்டுப் பாரத்தைக் குறைக்கிறார்கள். கைப்படப் புதிதாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. உன்னுடையது எப்படி என்று இப்போதே கவலைப்படாதே. ஒரு மணிநேரம் ஓடவிட்டால் அதுவே சொல்லும்.

கடைசியாக, உள்ளே சின்னச் சின்னச் சுருள்களும் டிரிம்மர்களும் வரிசையாக நிற்கும் ஓரிடம் தெரியும். அது டிலே லைன். சிக்னலை 0.2 மைக்ரோசெகண்ட் தாமதித்து அனுப்புகிறது. அதனால்தான் கோட்டைத் தொடங்கிவைத்த அந்த விளிம்பையே திரையில் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு டிரிம்மரும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து டியூன் செய்தது. சதுர அலையின் மேல்பகுதி கொஞ்சம் நெளிந்தாலும் அங்கே கையை வைக்காதே. முதலில் சப்ளை, பிறகு வால்வு, பிறகு ப்ளக்-இன். அதன் பிறகும் நெளிந்தால் எனக்கு எழுது.

இந்த ஞாயிறு மைனஸ் 150-ஐ மட்டும் அள. போட்ட ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று, ஒரு மணி கழித்து ஒன்று. அப்போது வீட்டு மின்சாரம் எத்தனை வோல்ட் என்பதையும் பக்கத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா