பள்ளிக்கூடக் கமிட்டியும் பெட்டிச் சாவியும்



பொதுப் பள்ளிக்கூடங்களைத் தலைமைக் காரியாலயத்திலிருந்து நடத்துவதா, அந்தந்த வட்டாரத்தார் தேர்ந்தெடுக்கும் கல்விச் சபைகளிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது. இது பெரிய படிப்புப் படித்தவர்களின் சங்கதி என்று நாம் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. கிளைக்கடை வைத்து நடத்தியவர்களுக்கு இதன் உள்விஷயம் நன்றாகவே விளங்கும்.

கிளைக்கடையில் உட்காருகிறவரை நஷ்டத்துக்குப் பதில் சொல்லச் சொல்கிறோம். சரக்கு எடுக்கவோ ஆள் வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. பெட்டிச் சாவியும் முதலாளியிடம். அவர் என்ன பதில் சொல்வார்? அதற்காகச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேரேட்டைப் பாராமலே இருந்தால், இரண்டு வருஷத்தில் கடை யாருடையது என்பதே தகராறாகிவிடும்.

கமிட்டி வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட, எண்ணிக்கை குறைந்து 1982-ல் அது மூடப்பட்டது. அங்கே பள்ளியும் பொறுப்பும் சமூகத்தாருடையவை. பள்ளி சர்க்காருடையதாயிருந்து, கமிட்டி மட்டும் வட்டாரத்தாருடையதாயிருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இரண்டு பட்டணங்கள் இதைச் செய்து பார்த்தன.

முதலாவது நியூயார்க். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் எல்லாம் ஒரே காரியாலயத்தின் கீழ் இருந்தன. 1967-ல் புரூக்ளினில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் வட்டாரத்துக்குச் சோதனையாக ஒரு சபை அமைத்தார்கள். அதன் அதிகாரம் எதுவரை என்பதை ஒருவரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. 1968 மே மாதம் அந்தச் சபை 13 ஆசிரியர்களையும் 6 நிர்வாகிகளையும் ‘இங்கே வேண்டாம்’ என்று கடிதம் கொடுத்து அனுப்பிற்று. ஆசிரியர் சங்கம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பட்டணம் முழுதும் மொத்தம் 36 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், அவர்களில் யூதர் பலர். எனவே சண்டை இனச் சண்டையாகவும் திரும்பிற்று. எழுதிக்கொள்ளாத பங்கு வியாபாரம் இப்படித்தான் முடியும்.

1969-ல் மாநிலச் சட்டசபை ஒரு சமரசம் செய்து பட்டணத்தை வட்டாரங்களாகப் பிரித்தது. பின்னாளில் அவை 32 ஆயின. ஒவ்வொன்றுக்கும் 9 பேர் கொண்ட தேர்தல் சபை. ஆனால் ஒரு வட்டாரத்தில் பல பள்ளிகள் இருந்தபடியால் நிற்பவர் யாரென்றே பெற்றோருக்குத் தெரியாது. வாக்களிக்க வந்தவர்கள் தொடக்கத்திலேயே சொற்பம். போகப் போக நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. காலியான இடத்தில் யார் உட்காருவார்கள்? ஆள் திரட்டத் தெரிந்த அரசியல் குழுக்களும் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு பெற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சில வட்டாரங்களில் வேலைகள் வேண்டியவர்களுக்கே போயின. ஊழல் வழக்குகளும் எழுந்தன. 1996-ல் சபைகளின் நியமன அதிகாரத்தைச் சட்டம் பறித்தது. 2002-ல் பள்ளிகள் மேயரின் கைக்குப் போயின. வட்டாரச் சபைகள் கலைந்தன.

இரண்டாவது சிகாகோ. 1987-ல் அங்கே 19 பள்ளி நாட்கள் ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தது. பொறுமையிழந்த பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். 1988-ல் வந்த சட்டம் நியூயார்க்கைப்போல் வட்டாரத்துக்கு ஒன்று வைக்காமல், பள்ளிக்கு ஒரு சபை வைத்தது. 6 பெற்றோர், 2 அக்கம்பக்கத்தார், 2 ஆசிரியர், தலைமையாசிரியர் ஆக 11 பேர். பெற்றோரே பெரும்பான்மை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கையில் கொடுத்ததும் வெறுங்கை அல்ல. தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் நியமிப்பது, வேண்டாமென்றால் புதுப்பிக்காமல் விடுவது, பள்ளியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது எல்லாம் அவர்களுடையவை. 1989 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் 5,400 சுமார் இடங்களுக்கு 17,000-க்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள்!

எல்லாம் இனிப்பாக முடியவில்லை. அடுத்தடுத்த தேர்தல்களில் நிற்பவர் தொகை வெகுவாகக் குறைந்தது. சில பள்ளிகள் நன்றாக முன்னேறின. சில இருந்த இடத்திலேயே இருந்தன. 1995-ல் பட்டணத்தின் மத்திய கல்விச் சபையை நியமிக்கும் உரிமை மேயருக்குப் போயிற்று. ஆயினும் பள்ளிச் சபைகளை ஒழிக்க எவராலும் முடியவில்லை, இன்றும் இருக்கின்றன. மத்திய சபைக்கும் 2024-ல் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது.

இரண்டில் சிகாகோ ஏற்பாடே மேல் என்பது நம் அபிப்பிராயம். நம் பள்ளிவாசல் ஜமாஅத்தில் கணக்கு வைத்திருப்பவர் யார், அவர் கொடுக்கல் வாங்கல் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அமானிதத்தை அறிந்த ஆளிடம்தான் ஒப்படைக்க முடியும். ஒரே பள்ளி, அறிந்த முகங்கள் என்றால் மஷூரா நடக்கும். இருபது முப்பது பள்ளிகளுக்கு ஒரு சபை என்றால் அது இன்னொரு காரியாலயம், அவ்வளவுதான்.

மலேசியாவில் அரசாங்க உதவி பெறும் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாளர் வாரியம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உண்டு. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் கல்வி அமைச்சின் கையில். ஆகவே சிகாகோப் பெற்றோருக்குக் கிடைத்த பெரிய சாவி இங்கே வாரியத்திடம் இல்லை. ஆனால் பல பள்ளிகளில் நிலம், கட்டடம், நன்கொடைப் பணம் ஆகிய சங்கதிகள் வாரியத்தைச் சார்ந்தவை. நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கடைசியாகக் கணக்கு வாசித்தது எப்போது, வாரியத்தில் இருப்பவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்த்த எவரும் கேட்கத் தகுந்த கேள்விகள்தாம் இவை.

ஒரு சங்கடம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொதுக்கூட்டம் பெரும்பாலும் சனி, ஞாயிறு காலையில் வைக்கப்படுகிறது. நமக்கு அதுவே வியாபார நேரம். கடையை விட்டு நாம் போவதில்லை. வீட்டுப் பெண்களைப் போகச் சொல்வதுமில்லை. அடுத்த கூட்டத்தை இஷாவுக்குப் பின் வைக்க முடியுமா என்று பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு நம் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதலாம். முடியாதென்று பதில் வந்தால், அந்த ஒரு காலை கடைப்பையனைப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டுப் போய் வருவதில் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.