ஊறுகாயா, வெள்ளரிக்காயா?

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில்தான். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' புத்தகத்தை அங்கே முதலில் வாசித்தபோது, ஒவ்வொரு வரிக்கும் உடனுக்குடன் தமிழ் சொன்னேன். இரண்டே நாளில் பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். ஆங்கிலம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பிடுங்குவது, தமிழ் வந்ததும் நிமிர்ந்து உட்காருவது. எப்படியும் தமிழ் வரும் என்றால் ஆங்கிலத்தை யார் கேட்பார்கள்?

அடுத்த முறை புத்தகத்தைத் திறக்கும் முன்பே, கதையின் நாயகனான கம்பளிப்பூச்சியைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பேசினோம். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக் கதைகள் கொட்டின. ஒருவன் சட்டையைத் தூக்கித் தடிப்பைக் காட்டினான். அதற்கப்புறம் வாசிப்பு முழுக்க ஆங்கிலம்.

1969இல் வந்த புத்தகம் அது. பழங்களில் நிஜமாகவே ஓட்டை போட்டிருப்பார்கள். திங்கட்கிழமை ஒரு ஆப்பிள் தொடங்கி வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை விரலை விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். கிழமைகளை நான் தனியாக நடத்தவே இல்லை. கம்பளிப்பூச்சிக்கு இன்னும் பசி அடங்கவில்லை என்ற வரி தினமும் திரும்ப வரும். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, வயிற்றைத் தடவிக்கொண்டு காத்திருப்பேன். மூன்றாவது வாசிப்பில் வகுப்பே 'ஹங்கிரி' என்று கத்தியது. அந்த மூன்று நொடி வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஆசிரியர்களான நம்மால் முடியாத காரியம். பழகத்தான் வேண்டும்.

சனிக்கிழமைப் பக்கத்தில் தகராறு. 'பிக்கிள்' வந்ததும் வாய் தவறி ஊறுகாய் என்றுவிட்டேன். "மிஸ், அது வெள்ளரிக்காய்!" படத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. அமெரிக்காவில் வெள்ளரிக்காயை முழுசாக ஊறப்போடுவார்கள் என்று விளக்கினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஓட்டை விழுந்த சீஸை சோப்பு என்றார்கள். சலாமியை நானே கடந்துவிட்டேன். எல்லாச் சொல்லும் புரிந்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

உங்கள் வகுப்பிலும் வாசிப்பதாக இருந்தால், பெஞ்சை ஒதுக்கிவிட்டுத் தரையில் அரைவட்டமாக உட்காருங்கள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். படத்தோடு உங்கள் வாயசைவும் தெரியட்டும். ஒரு வாரம் முழுக்க ஒரே புத்தகம் போதும். அலுப்பு நமக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது. முடிந்ததும் கேள்வி கேட்காமல் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கிழியும். என் புத்தகத்தில் ஆரஞ்சுப் பக்கம் இரண்டாகிவிட்டது. ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.