ஜெயிச்சது நாம, தோத்தது அவங்க!



மேட்ச் முடிந்த மறுநாள் நம் பேச்சைக் கவனியுங்கள். இந்தியா வென்றால் "ஜெயிச்சுட்டோம்டா" என்கிறோம். தோற்றால் "தோத்துட்டானுங்க" என்கிறோம். ஒரே அணிதான், ஆனால் தோல்வியில் மட்டும் நாம் கழன்றுகொள்கிறோம்!

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞரும் அவரது குழுவினரும் 1976-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி அணி வென்ற வாரத்தில், கல்லூரிப் பெயர் போட்ட பனியனுடன் வகுப்புக்கு வந்த மாணவர்கள் அதிகம். இன்னொரு சோதனையில், போனில் சில கேள்விகள் கேட்டு, சிலரிடம் மட்டும் "நீ சரியாகச் செய்யவில்லை" என்று சொன்னார்கள். பிறகு மேட்ச் பற்றிக் கேட்டபோது, வெற்றிக்கு "நாம்", தோல்விக்கு "அவர்கள்" என்று பிரித்துப் பேசியவர்கள் பெரும்பாலும் அந்த மட்டம்தட்டப்பட்டவர்களே. அதாவது, தன்னைக் குறைவாக நினைப்பவனுக்குத்தான் ஜெயித்தவனின் சட்டை அவசரமாகத் தேவைப்படுகிறது.

தாழ்வு உணர்ச்சி வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு என்கிறார் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். முதலாவது எல்லோருக்கும் உண்டு; முயற்சிக்கு அதுவே தூண்டுகோல். சின்ன வயதில் ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்டவர் அவர், அனுபவித்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். "எப்படியும் நம்மால முடியாது" என்று அதுவே உறைந்துபோனால் இரண்டாவது. எதிரே பி.இ. மாணவர்கள் என்றதும் டாஸ் போடும் முன்பே நம்மில் சிலர் தோள் தொங்கி நிற்கிறோமே, அதுதான்! எதிரணியைக் கூவிக் கேலி செய்வதும் பல நேரம் அதே சரக்கு, லேபிள் மட்டும் வேறு.

ஒரு நாட்டுக்கே இது வந்த கதை உண்டு. 1950 ஜூலை 16, ரியோ நகரின் மரக்கானா மைதானம். டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. முதல் கோலும் பிரேசிலுடையதே. உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பதறவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆஃப்சைடு என்று நடுவரிடம் வாதாடி நேரத்தைக் கடத்தினார். கூட்டத்தின் ஆரவாரம் அடங்கிப்போனது. முடிவில் உருகுவே 2-1.

பிறகு நடந்ததுதான் கொடுமை. கோல்கீப்பர் பார்போசா உள்ளிட்ட கறுப்பின வீரர்கள் மீதே பழி விழுந்தது. பார்போசா 2000-ல் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. ராசியில்லை என்று வெள்ளைச் சட்டையையே மாற்றி மஞ்சளாக்கினார்கள். சட்டை என்ன பாவம் செய்தது? 1958-ல் எழுத்தாளர் நெல்சன் ரோட்ரிக்ஸ் இந்த மனநிலைக்குப் பெயரே வைத்தார்: 'தெருநாய் மனப்பான்மை'. ஆட்டத்திறமையில் குறையில்லை, தன்னைத் தானே மட்டமாக நினைப்பதுதான் வியாதி என்பது அவர் கட்சி.

அதே வருடம் ஸ்வீடனில் உலகக் கோப்பை. அணியோடு போன உளவியல் நிபுணர், 17 வயது பெலேவுக்குப் பக்குவம் போதாது, ஆடவிடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாராம்! நல்லவேளை, கோச் ஃபியோலா கேட்கவில்லை. இறுதிப் போட்டியில் நாலாவது நிமிடமே ஸ்வீடன் கோல் போட்டது. மறுபடியும் 1950-தானா என்று மற்றவர்கள் திகைத்து நிற்க, டிடி வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடாமல், நிதானமாக நடுக்கோட்டுக்கு நடந்து வந்தார். அன்று வரேலா நடந்த மாதிரியே. ஆட்டம் முடிந்தபோது பிரேசில் 5, ஸ்வீடன் 2.