அரைப்பேர்

இரத்தினபுரி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யட்டியாந்தோட்டைப் பக்கம் நியமனம் கிடைத்து மூன்று மாதத்திலேயே மனம் வெறுத்துப்போனதாக எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பிந்தி வருகிறான், ஏனென்று கேட்டால் முறைக்கிறான், ரெண்டு அடி போட்டால் சரிவரும் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள் என்கிறாய்.

அடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் காது கெட்டுப்போன ஒரு மாணவனுக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லி 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நீ பிரம்பைக் கீழே வைத்தால் எனக்குச் சந்தோஷமில்லை. நான் பிரம்பு தொட்டதில்லை பிள்ளை. அப்படியிருந்தும் ஒரு பையனை அடித்ததைவிட மோசமாக நோகடித்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஓர் இறப்பர் தோட்டத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனும் பிந்தித்தான் வருவான். ஒருநாள் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு இன்றைக்கு அரைப்பேர்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் உழைப்பு, ஒரு நாள் சம்பளம். உனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறப்பர் பால் குறைந்ததென்று அந்தக் கிழமை அவன் தகப்பனுக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. வகுப்புக்கு முழுதும் தெரிந்திருந்தது.

நாலு நாள் அவன் வரவில்லை. அவன் குடும்பம் இருந்த லயத்துக்குத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் தகப்பன் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைகட்டி நின்றார். தோட்டத் துரைக்கு முன்னால் நிற்கிற நிற்பு. பையன் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கை ரேகையெல்லாம் இறப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. விடியமுன் தகப்பனோடு மலையேறி, சிரட்டை துடைத்து, முதல்நாள் வெட்டில் உறைந்த பாலை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடிவந்திருக்கிறான்.

அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் தலையில் ஏறிவிடும் என்றார் கூட இருந்த ஆசிரியர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் அவன் பிந்தித்தான் வந்தான். ஆனால் நான் கேட்கமுன்னமே மேசைக்கு வந்து காரணம் சொல்வான். பரீட்சை மாதத்திலாவது அவனை மலைக்குக் கூட்டிப்போக வேண்டாமென்று தகப்பனிடம் கேட்டேன், கேட்டுக்கொண்டார்.

நம் பள்ளிக்கூடங்கள் வந்த வழியை நீ மறக்கக்கூடாது. தோட்டப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் துரைமாரிடம்தான் கொடுத்தது. கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வாத்தியாராக இருந்த தோட்டங்கள் உண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட அதே குரல் வகுப்பிலும் கூப்பிட்டது. எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது, ஆனால் அந்தக் குரல் போகவில்லை. என் தொண்டையிலிருந்தே அன்றைக்கு வந்ததே.

ஆசிரியர் அறையில் யாராவது "தோட்டக்காட்டுப் பிள்ளைகள் இப்படித்தான்" என்றால் நீ சேர்ந்து சிரிக்காதே. உன் அம்மாவின் தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு பதித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்க வேண்டாமென்று அதிபரிடம் சொல்லிப் பார். வருகிறவர்களுக்கு ஒரு பேர் போய்விடும். பால் நிறுவை முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கலாம். வந்தவர்களுக்குக் கதிரை போடு. நிற்கிறோம் என்பார்கள், விடாதே. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். மூன்று பக்கமும் அந்தப் பையனைப் பற்றித்தான். எல்லா இடத்திலும் 'அவன்' என்றே இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அவன் பேரை எழுது. வீடு எந்த லயம் என்றும் எழுது.

அன்புடன்,
மாமா