பேர், போர், போர்ன்

ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத வினைச்சொற்கள் பல. அவற்றுள் வியாபாரக் கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் அடிக்கடி தலைகாட்டும் ‘பேர்’ என்பதை இம்முறை எடுத்துக்கொள்வோம். கரடியைக் குறிக்கும் ‘பேர்’ எழுத்தில் இதுவே போலினும் வேறு சொல், அதை விட்டுவிடுவோம்.

நிகழ்காலம் ‘பேர்’, இறந்தகாலம் ‘போர்’, ‘ஹாவ்’, ‘பீ’ முதலிய துணைவினைகளோடு சேரும்போது ‘போர்ன்’. மற்ற வினைகளைப் போல் ‘ஈடி’ சேர்த்து எழுதுவது பிழை.

இதன் மூல அர்த்தம் சுமத்தல். நாம் வழங்கும் ‘பாரம்’ என்ற சொல்லும், 3 பிக்குல் கொண்ட பழைய மலாய் நிறையளவாகிய ‘பஹாரா’வும் இதற்குத் தூரத்து உறவு. லாரிக்காரர் சொல்லும் ‘பேரிங்’ பாரம் தாங்குவதே. சுமத்தலிலிருந்து பிள்ளை பெறுதல் என்ற பொருளும் வந்தது. ‘சுமந்து பெற்றவள்’ என்று நாமும் சொல்கிறோமல்லவா?

‘போர்ன்’ என்பதை எழுதுவதில்தான் தொல்லை. ஓசை ஒன்று, எழுத்து இரண்டு. ‘நாகூரில் பிறந்தார்’ என்னுமிடத்தில் கடைசியில் ‘ஈ’ கிடையாது. ‘நஷ்டத்தை ஏற்றார்’, ‘மூன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள்’ என்னுமிடங்களில் ‘ஈ’ வேண்டும். இப்பிரிவு 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

இனிக் கடைக்கு வருவோம். ‘ஃபிரெய்ட் டு பி போர்ன் பை த பையர்’ என்றால் கப்பல் கூலி வாங்குபவர் தலையில் என்று பொருள். ‘பை’ என்ற சிறுசொல்லுக்குப் பின் யார் வருகிறாரோ அவரே செலவை ஏற்பவர். விலையைக் கறாராகப் பேசி முடித்து, இந்த ஒரு வரியைக் கவனியாமல் கையொப்பமிட்டால், வரவேண்டிய லாபம் கூலியிலே கரைந்துவிடும்.

‘இன்டரஸ்ட் பேரிங்’ என்பது வட்டி சுமந்தது. வட்டியை விலக்கி நடக்கும் நம்மவர், கடன் பத்திரத்திலும் பாங்குத் தாள்களிலும் இச்சொல் எங்கேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்பே பேனாவை எடுக்க வேண்டும்.

‘பேரர்’ என்பவர் கையில் கொண்டு வருபவர். காசோலையில் ‘ஆர் பேரர்’ என்றிருந்தால் கொண்டு வந்தவர் எவராயினும் பணம் பெறலாம். தெருவில் தவறவிட்டால் எடுத்தவனுக்கு யோகம்! அச்சொற்களை அடித்துவிட்டால் பெயர் குறித்தவருக்கோ அவர் எழுதிக் கொடுத்தவருக்கோதான் சேரும். மேலே இரண்டு கோடு இழுத்தால் ரொக்கமாகக் கிடைக்காது, கணக்கில்தான் விழும்.

‘பேர் இன் மைண்ட்’ என்றால் நினைவில் வைத்திருங்கள். ‘பேர் வித் அஸ்’ என்றால் எங்களைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கி கேட்டு நாம் எழுதிய கடிதத்துக்கு இந்த இரண்டாவது வாக்கியம் பதிலாக வந்தால், பணம் இந்த மாதம் வராது என்று வைத்துக்கொள்ளலாம்.